தேயிலை இயந்திரமும் வீட்டுக் கணினியும்: ஊவாப் பெருந்தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் தொழில்நுட்ப வரலாற்றை ஆராய்வோர் பொதுவாக இரண்டு வினாக்களை எழுப்புவர். இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்பது ஒன்று. அதனை இயக்கியவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாய் மூன்றாவது வினா ஒன்றுண்டு. பல இயந்திரங்களுள் இதுவே வேண்டுமெனத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதே அது. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் இவ்வினா, உண்மையில் அதிகாரத்தோடும் அறிவோடும் நேரடித் தொடர்புடையது. தெரிந்தவனே தேர்ந்தெடுக்கின்றான், தேர்ந்தெடுக்கும் வாய்ப்புடையவனே மேலும் தெரிந்துகொள்கின்றான்.

விளையாட்டுக்குரிய கணினியொன்றை உறுப்பு உறுப்பாக வாங்கி வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் வழக்கம் உலகெங்கும் இளைஞரிடையே பரவியிருப்பதை யாவரும் அறிவர். பதுளையிலும் பண்டாரவளையிலும் இருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் மத்தியிலும் இப்பேச்சு அடிபடுகின்றது. எந்தச் செயலி, எந்தத் தாய்ப்பலகை, எந்த வரைவியல் அட்டை என்னும் வினாக்கள் வெறும் பொழுதுபோக்கு வினாக்களாகவே பெரியோரால் கருதப்படுகின்றன. எனினும், நான்கு தலைமுறைகளுக்கு மேலாகப் பிறர் தெரிந்தெடுத்த இயந்திரங்களின் அருகே நின்று உழைத்த ஒரு மக்கட்கூட்டத்தின் பிள்ளைகள் இவ்வினாக்களைக் கேட்கத் தொடங்கியிருப்பது வரலாற்று மாணவனின் கவனத்துக்குரியதாகும். அவ்வகையில் ஊவாவின் தேயிலைத் தொழிற்சாலையையும் வீட்டுக் கணினியையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்டோரும் அதன் இயந்திரங்களும்

இலங்கையில் தேயிலைச் செய்கை வணிக நோக்கில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லரால் லூல்கந்துரவில் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அவரது பங்களா விறாந்தையே தொழிற்சாலையாக விளங்கியது. கொழுந்து மேசைமீது கையால் உருட்டப்பட்டது. 1872ஆம் ஆண்டளவில் அவர் உருட்டும் இயந்திரமொன்றையும் தாமே அமைத்துக்கொண்டார். ஆகவே இந்நாட்டின் முதலாவது தேயிலை இயந்திரம் ஒருவகையில் வீட்டில் பொருத்தப்பட்ட இயந்திரமே எனலாம். ஆனால் இந்நிலை நீடிக்கவில்லை. அதே காலத்தில் வில்லியம் ஜாக்சன் அசாமில் உருட்டு இயந்திரத்தை உருவாக்கினார். இங்கிலாந்தின் கெயின்ஸ்பரோ நகரில் இருந்த மார்ஷல் நிறுவனத்தார் ஜாக்சனின் இயந்திரங்களை வார்த்து அனுப்பினர். சாமுவேல் டேவிட்சன் 1881ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரில் நிறுவிய சிரொக்கோ தொழிற்சாலை உலர்த்தும் இயந்திரங்களை உலகெங்கும் விற்றது. கோப்பி நோயால் அழிந்த தோட்டங்கள் தேயிலைக்கு மாறியபோது, இவ்விரு பெயர்களும் மலைநாட்டுத் தொழிற்சாலைகளின் இரும்பில் பொறிக்கப்பட்ட பெயர்களாயின.

ஊவாவுக்கு இவை வந்து சேர்ந்தமை புகையிரதப் பாதையின் வரலாற்றோடு பிணைந்தது. பாதை 1893ஆம் ஆண்டில் அப்புத்தளையையும் 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர 1924ஆம் ஆண்டாயிற்று. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் டம்பதென்னைத் தோட்டத்தை வாங்கி அங்குத் தொழிற்சாலை அமைத்தபோது புகையிரதம் அப்புத்தளையை எட்டியிருக்கவில்லை என்பதை நினைவிற் கொள்ளின், அக்கால இயந்திரங்கள் ஏறிவந்த வழியின் கடுமை விளங்கும்.

தொழிற்சாலையைத் தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்றே வழங்குவர். கோப்பிக் காலத்துக் களஞ்சியத்தின் பெயர் தேயிலைக் காலத்திலும் தொடர்ந்தது. ஸ்டோரின் அமைப்பில் நாம் ஊன்றி நோக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. அது தனியொரு இயந்திரமன்று. ஒன்றையொன்று சார்ந்த இயந்திரங்களின் வரிசை. கொழுந்து முதலில் வாட்டப்படுகின்றது, பின்னர் உருட்டப்படுகின்றது, சல்லடையில் பிரிக்கப்படுகின்றது, நொதிக்க விடப்படுகின்றது, இறுதியில் வெப்பக் காற்றில் உலர்த்தப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. இவ்வரிசையில் ஓர் உறுப்பின் கொள்ளளவு மற்றையவற்றுக்கு ஒவ்வாதாயின் முழுத் தொழிற்சாலையும் அந்த ஓர் உறுப்பின் அளவுக்கே இறங்கிவிடும். உருட்டு இயந்திரங்கள் பலவிருந்து உலர்த்தி ஒன்றே இருப்பின், நொதித்த இலை தன் முறைக்காகக் காத்திருந்து மணம் இழக்கும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் தரும் தனிமணம் உண்டாகின்றது. அம்மூன்று மாதங்களில் நேரும் ஒரு மணிநேரத் தாமதமும் ஏலத்தில் விலையாகத் தெரியும்.

இவ்வாறு அளவறிந்து உறுப்புகளைப் பொருத்தும் கலை ஸ்டோருக்கு உயிர்நாடியாக இருந்தது. அக்கலையைக் கையாண்டவர்கள் யாவர்? தோட்டத்துரையும், கொழும்பில் இருந்த ஏஜென்சி நிறுவனங்களும், அவற்றின் பொறியியல் ஆலோசகர்களுமே. நீர்ச்சக்கரத்தை நீக்கி எண்ணெய் எஞ்சினைக் கொணர்வதா, புதிய உருட்டியை வாங்குவதா என்பன அவர்களது கடிதப் போக்குவரத்தில் முடிவாயின. உருட்டியின் அருகே இரவெல்லாம் நின்ற தொழிலாளி அதன் ஓசையின் மாற்றத்தைக் கொண்டே பழுதை அறிந்தான். ஆனால் அவனது அறிவு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவன் இயந்திரத்தை அறிந்தவனாயினும் தேர்ந்தவன் அல்லன். 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992ஆம் ஆண்டில் அவற்றின் முகாமை பிரதேசப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டபோதும் தேர்ந்தெடுப்போரின் பெயர்கள் மாறின. இயந்திரத்தின் அருகே நின்றோரின் நிலை மாறவில்லை.

இயந்திரம் ஒருபுறமிருக்க, இம்மக்கள் வாழும் நாட்டையே பிறர் தேர்ந்தெடுத்தமையும் இங்கு நினைவுகூரத் தக்கது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது; எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களையே எண்ணிக்கையாகக் கருதிய ஒரு காலத்தில் அவர்களிடம் இயந்திரத்தைப் பற்றிக் கருத்துக் கேட்பார் எவரும் இருந்திருக்க முடியாது.

உறுப்புகளாய்ப் பிரிந்த கணினி

இதே காலப்பகுதியில் உலகின் வேறொரு மூலையில் நிகழ்ந்த மாற்றத்தை இனி நோக்குவோம். கணினி தொடக்கத்தில் அரசுகளும் பெருநிறுவனங்களும் மட்டுமே உடைமை கொள்ளத்தக்க பேரியந்திரமாக இருந்தது. 1971ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை வெளியிட்டது. பிஸிகொம் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் பொறிக்கென வடிவமைக்கப்பட்ட அச்சில்லில் ஏறத்தாழ 2,300 திரான்சிஸ்டர்கள் இருந்தன. ஓர் அறையை நிரப்பிய மூளை விரல்நகத்தின் அளவுக்குச் சுருங்கியபோது, அதனைச் சுற்றியமைந்த ஏனைய பகுதிகளையும் தனித்தனி உறுப்புகளாக விற்பது இயலக்கூடியதாயிற்று.

1975ஆம் ஆண்டு சனவரியில் 'பொப்பியுலர் இலெக்ற்றோனிக்ஸ்' என்னும் அமெரிக்க இதழின் முகப்பில் ஆல்ற்றெயர் 8800 தோன்றியது. 400 டொலருக்குச் சற்றுக் குறைந்த விலையில் உறுப்புகளின் பொதியாக விற்கப்பட்ட அதனை வாங்கியவர் தம் கையாலேயே பற்றவைத்துப் பொருத்தவேண்டியிருந்தது. வீட்டில் கட்டப்பெற்ற கணினியின் வரலாறு இங்கிருந்தே பரவலாகத் தொடங்குகின்றது. இவ்வகை ஆர்வம் இலங்கைக்கு முற்றிலும் புதியதன்று. 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் தொடங்கிய கொழும்பு வானொலியின் முதல் ஒலிபரப்புக் கருவி, எட்வர்ட் ஹார்ப்பரின் வழிகாட்டலில், கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு அமைக்கப்பட்டதென்று கூறுவர். கிடைத்த உறுப்புகளைக் கொண்டு வேண்டிய கருவியை அமைக்கும் மரபு நமக்கும் உண்டு.

வீட்டுக் கணினியின் வரலாற்றில் திருப்புமுனையாக அமைந்தது 1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் திகதி ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட தனியாள் கணினியாகும். விரைவாகச் சந்தைக்கு வரவேண்டும் என்னும் அவசரத்தில் அந்நிறுவனம் தன் வழக்கத்துக்கு மாறாகப் பிறர் உறுப்புகளைக் கொண்டே அதனை அமைத்தது. செயலி இன்டெலின் 8088, இயக்கமுறைமை மைக்ரோசொப்ட்டினுடையது. அமைப்பு விபரங்களும் நூலாக வெளியிடப்பட்டன. ஐ.பி.எம்.முக்கே உரியதாக எஞ்சியது, கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் சிறு நிரல் ஒன்றே. அதனைக் கொம்பாக் நிறுவனம் 1983ஆம் ஆண்டளவில் சட்டத்துக்கு முரணாகாத வகையில் தானே புதிதாக எழுதிக்கொண்டது. பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய நிரலை 1984ஆம் ஆண்டில் எவருக்கும் விற்கத் தொடங்கியபோது கோட்டைக் கதவு முற்றாகத் திறந்துகொண்டது. தாய்வானின் தொழிற்சாலைகள் தாய்ப்பலகைகளை ஆயிரக்கணக்கில் செய்து குவித்தன. ஒரு நிறுவனத்தின் கணினி என்பது போய், உறுப்புகளின் உலகச் சந்தை என்பது வந்தது.

இலங்கையைப் பொறுத்தவரை இக்காலப் பொருத்தம் குறிப்பிடத்தக்கது. 1977ஆம் ஆண்டுக்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தமையால் வானொலி உறுப்பொன்றைப் பெறுவதும் அரிதாக இருந்தது. திறந்த பொருளாதாரக் கொள்கை நடைமுறைக்கு வந்து நான்கு ஆண்டுகளிற் பிறந்த தனியாள் கணினிக்கு நாட்டின் வாயில் திறந்தேயிருந்தது. 1984ஆம் ஆண்டில் கணினிக் கொள்கையை வகுப்பதற்கான பேரவையும், மொறட்டுவையில் ஆர்தர் சி. கிளார்க் நிலையமும் தோன்றின; கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் வி.கே. சமரநாயக்க போன்றோர் கணினிக் கல்விக்கு வித்திட்டனர். காலப்போக்கில் பம்பலப்பிட்டியின் யூனிற்றி பிளாசாக் கட்டடம் கணினி உறுப்புகளின் அங்காடியாகப் பெயர்பெற்றது. ஆனால் இவ்வளர்ச்சி எவருடைய வாசலுக்கு வந்தது? தலைமன்னார்–இராமேசுவரம் கப்பற்சேவை 1984ஆம் ஆண்டில் நின்றபோது, ஒப்பந்தப்படி இந்தியா செல்லவிருந்த பல தோட்டக் குடும்பங்கள் எந்நாட்டார் என்ற தெளிவின்றியே லயங்களில் தங்கிப்போயின. 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களே அவர்தம் குடியுரிமைச் சிக்கலுக்கு முடிவு கண்டன. கொழும்பில் கணினியைத் தேர்ந்துகொண்டிருந்த காலத்தில் ஊவாவின் லயத்தில் மின்விளக்கே பலருக்குக் கனவாக இருந்தது.

போட்டியும் பொருத்தமும்

செயலிகளின் வரலாறு இரு நிறுவனங்களின் நெடும்போட்டியாகவே பெரிதும் அமைந்துள்ளது. தன் கணினிக்கான செயலியை ஒரே நிறுவனத்திடம் நம்பியிருக்க ஐ.பி.எம். விரும்பவில்லை. அதன் வற்புறுத்தலால் இன்டெல் தனது வடிவத்தைச் செய்யும் உரிமையை 1982ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனத்துக்கு வழங்கியது. பின்னர் 386 வந்தபோது அவ்வுரிமையை மறுத்தது. வழக்குகள் நீண்டன, ஏ.எம்.டி. தன் 386ஐ 1991ஆம் ஆண்டில் வெளியிட்டது. வெறும் எண்ணை வணிகக் குறியாகப் பதிவு செய்ய முடியாது எனக் கண்ட இன்டெல், 1993ஆம் ஆண்டில் தன் அடுத்த செயலிக்குப் பென்ரியம் என்று பெயர் சூட்டியது. ஆக, கடைகளில் நாம் கேட்கும் பெயர்களும் இப்போட்டியின் விளைவுகளே.

1990களின் நடுப்பகுதியில் 'சொக்கெட் 7' என்னும் ஒரே பொருத்துமேடையில் இன்டெல், ஏ.எம்.டி., சைரிக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் செயலிகளும் அமர முடிந்தது. 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஏ.ரி.எக்ஸ். நியமம் தாய்ப்பலகையின் அளவையும் திருகாணித் துளைகளின் இடத்தையும் பொதுமையாக்கியது. வீட்டில் கணினி கட்டுவோருக்கு அது பொற்காலம். 1997ஆம் ஆண்டில் இன்டெல் தனக்கே உரிய புதிய பொருத்துமுறையுடன் பென்ரியம் இரண்டைக் கொணர்ந்தது. 1999ஆம் ஆண்டில் ஏ.எம்.டி.யும் தன் வழியே சென்றது. அன்று முதல் செயலியைத் தேர்வது தாய்ப்பலகையைத் தேர்வதாகவும், தாய்ப்பலகையைத் தேர்வது அடுத்த சில ஆண்டுகளின் வழியைத் தேர்வதாகவும் ஆயிற்று. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 மேடை 2016ஆம் ஆண்டில் தோன்றி 2022ஆம் ஆண்டிலும் புதிய செயலிகளை ஏற்றது. அதே இடைவெளியில் இன்டெல் தன் மேடையை 2020ஆம் ஆண்டில் ஒருமுறையும் 2021ஆம் ஆண்டில் மறுமுறையும் மாற்றியது. சிக்கனம் கருதி இன்று சிறிய செயலியை வாங்கிப் பின்னொரு நாளில் அதை மட்டும் மாற்ற எண்ணுவோனுக்கு இவ்வரலாறு வெறுங்கதையன்று, பணம்.

விளையாட்டின் பங்கு

விளையாட்டைப் பயனற்றதென ஒதுக்குவோர் தொழில்நுட்ப வரலாற்றின் ஒரு பெரும்பகுதியை ஒதுக்கிவிடுகின்றனர். 1962ஆம் ஆண்டளவிலேயே மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் மாணவர்கள் விண்வெளிப் போர் விளையாட்டொன்றைக் கணினிக்கு எழுதினர். 1993ஆம் ஆண்டில் டூம், 1996ஆம் ஆண்டில் குவேக் ஆகிய விளையாட்டுகள் வெளிவந்தபோது, அலுவலகக் கடிதம் எழுதப் போதுமாயிருந்த கணினிகள் திணறின. முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கெனவே வூடூ என்னும் தனி அட்டை 1996ஆம் ஆண்டில் வந்தது. 1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனத்தின் ஜீபோர்ஸ் 256 வந்தது. கணினியின் உறுப்புகளுள் வரைவியல் அட்டை முதன்மை பெற்றது விளையாடுவோரின் பணத்தினாலேயே ஆகும்.

இதன் பின்விளைவு எவரும் எதிர்பாராதது. ஒரே வகைக் கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே வேளையில் செய்யும் அவ்வட்டைகள் அறிவியற் கணிப்புக்கும் ஏற்றவை என ஆய்வாளர் கண்டனர். 2012ஆம் ஆண்டில் ரொறன்ரோப் பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய அலெக்ஸ்நெற் என்னும் படமறி வலையமைப்பு, கடையில் விற்கும் ஜி.ரி.எக்ஸ். 580 என்னும் இரண்டு விளையாட்டு அட்டைகளில் பயிற்றுவிக்கப்பட்டது. இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுச்சியின் தொடக்கங்களுள் ஒன்றாக அது கொள்ளப்படுகின்றது. ஆகவே மாணவனொருவன் விளையாட்டுக்கென அமைக்கும் கணினி, அவன் விரும்பின், ஓர் ஆய்வுகூடமாகவும் விளங்கக்கூடும்.

டொலரும் நாட்கூலியும்

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்துவிட்டதென்று கூறும்போது அதன் விலையையும் கூறுதல் வேண்டும். 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் என்விடியாவின் ஆர்.ரி.எக்ஸ். 3060 அட்டை 329 டொலர் என்னும் அறிவிப்பு விலையுடன் வெளிவந்தது. அடுத்த மாதம் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அந்நாளில் அட்டையின் விலை 65,800 ரூபாய். அதாவது 66 நாட்கூலி. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் நாணய மதிப்பு வீழத் தொடங்கி ஆண்டின் நடுப்பகுதியில் டொலர் ஏறத்தாழ 360 ரூபாயானது. கூலி அதேயிருக்க, அதே அட்டை 118 நாட்கூலியானது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. முந்திய ஆண்டில் 299 டொலருக்கு வெளிவந்த ஆர்.ரி.எக்ஸ். 4060, 2024ஆம் ஆண்டின் இறுதியில் டொலருக்கு 293 ரூபாய் எனக் கொண்டால், மீண்டும் 65 நாட்கூலியே ஆகின்றது. வரியும் வணிகர் இலாபமும் இக்கணக்கிற் சேரவில்லை. கூலி உயர்ந்தது உண்மை. ஆனால் அட்டைக்கும் தொழிலாளிக்கும் இடையிலிருந்த தொலைவு மூன்றரை ஆண்டுகள் சுற்றி வந்து பழைய இடத்திலேயே நின்றது. ஓர் உறுப்புக்கே இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு என்னும் இந்த அளவே, ஊவாவில் தேர்வு தவறுவதன் பொருளை நமக்கு உணர்த்துகின்றது. செல்வர் வீட்டில் தவறான தேர்வு ஒரு வருத்தம். லயத்து வீட்டில் அது ஒரு கடன்.

தேர்வின் ஒழுங்கு

இவ்வரலாற்றிலிருந்து தேர்வுக்குரிய சில நெறிகளைப் பெறலாம். முதலாவது நெறி ஸ்டோர் நமக்குக் கற்பித்ததே: உறுப்புகள் ஒன்றுக்கொன்று அளவொத்திருத்தல் வேண்டும். விலையுயர்ந்த வரைவியல் அட்டையைப் பழைய நான்கு கருச் செயலியோடு இணைத்தல் குருவி தலையிற் பனங்காயை வைத்தது போலாகும். அட்டை வேலைக்குக் காத்திருக்கும். மாறாக, பதினாறு கருச் செயலியோடு மலிவான அட்டையை இணைத்தால் விளையாட்டைப் பொறுத்தவரை யானைப் பசிக்குச் சோளப்பொரியே கிடைக்கும். எனவே முதலில் திரையைத் தீர்மானித்தல் வேண்டும். 1920க்கு 1080 என்னும் அளவுடைய சாதாரணத் திரைக்கு, ஆறு கருக்களுடைய ரைசன் 5 5600 அல்லது கோர் ஐ5 12400 போன்ற செயலியும் நடுத்தர அட்டையும் பொருந்தும். அட்டை வாங்க இப்போது வசதியில்லாதோர், வரைவியல் ஆற்றலைத் தன்னுள்ளேயே கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற செயலியுடன் தொடங்கிப் பின்னர் அட்டையைச் சேர்க்கலாம். இன்டெல் செயலிகளின் பெயரிறுதியில் 'எப்' என்னும் எழுத்து வரின் அதனுள் வரைவியற் பகுதி இயங்காது என்பதை அறியாது வாங்கினால், தனி அட்டையின்றித் திரையில் எதுவும் தோன்றாது.

இரண்டாவது, நினைவகம் ஒரே பெரிய துண்டாக இருப்பதினும் ஒத்த இரண்டு துண்டுகளாக இருத்தல் நன்று. செயலி இரு வழியாலும் ஒருங்கே தரவைப் பெறும். தனி வரைவியல் அட்டை இல்லாத கணினியில் இவ்வேறுபாடு விளையாட்டின்போது கண்ணுக்கே தெரியும். ஏ.எம்.4 மேடை டி.டி.ஆர்.4 நினைவகத்தையும், 2022ஆம் ஆண்டில் வந்த ஏ.எம்.5 மேடை டி.டி.ஆர்.5 நினைவகத்தையும் மட்டுமே ஏற்கும். ஒன்றின் துண்டு மற்றதிற் பொருந்தாது.

மூன்றாவது, மின்வழங்கி. எவரும் காணாத உறுப்பாதலால் பலர் இதிலேயே மிச்சம் பிடிக்க முயல்வர். ஆர்.ரி.எக்ஸ். 4060 அட்டை 115 வாற்று அளவிலும், மேற்கூறிய செயலிகள் சாதாரணமாக 65 வாற்று அளவிலும் மின்சாரம் கொள்வன. ஏனையவற்றையும் சேர்த்தாலும் 300 வாற்றைத் தாண்டுவது அரிது. ஆகவே, பெட்டியில் பெரிய எண் எழுதப்பட்ட தரமற்ற மின்வழங்கியிலும் 500 வாற்று அளவுடைய தரமான ஒன்றே சிறந்தது. இடிமின்னலும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் மிகுந்த மலைப்பகுதிக்கு இஃது இன்னும் பொருந்தும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை மறந்தாரில்லை. 120 மெகாவாற்று ஆற்றலுடைய உமாஓயாத் திட்டம் 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதன் சுரங்கப் பணியின்போது பண்டாரவளைப் பகுதியின் கிணறுகள் வற்றின. தண்ணீரைத் தந்த மண்ணுக்கு நிலையான மின்சாரமேனும் கிடைத்தல் முறையாகும். அது கிடைக்கும்வரை மின்தடைக் காப்புக் கருவியும் கணினியின் ஓர் உறுப்பாகவே எண்ணப்படல் வேண்டும்.

நான்காவது, பாவித்த உறுப்புகள். ஊவாவில் பெரும்பாலோருக்கு இதுவே உண்மையான சந்தை. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தை அட்டைகளால் அகழும் முறை முடிவுற்றதும், இரவுபகலாக உழைத்த அட்டைகள் உலகெங்கும் மலிவாக வந்து குவிந்தன. விசிறி, வெப்பப் பசை, வெப்பநிலை ஆகியவற்றைச் சோதியாது அவற்றை வாங்குதல் ஆகாது. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சிலவற்றில் மிகை மின்னழுத்தத்தால் நிலையின்மை உண்டானதை 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே ஏற்றுத் திருத்தநிரல் வெளியிட்டது. அவற்றைப் பாவித்தவையாக வாங்குவோர் விழிப்பாயிருத்தல் நன்று. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதியுடன் பொதுவாக நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 11ஐ முறைப்படி ஏற்பவை பெரும்பாலும் இன்டெலின் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே. இவ்வெல்லையாற் பல நிறுவனங்கள் கழித்துவிடும் பழைய கணினிகள் மலிவாகக் கிடைக்கலாம். லினக்ஸ் இயக்கமுறைமையைக் கொண்டு அவற்றை மாணவர் பயன்படுத்த இயலும். விளையாட்டுகளும் பல அதில் இயங்குகின்றன.

முடிவுரை

இவையனைத்தையும் தொகுத்து நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். உறுப்புகளைத் தேர்தல் என்பது பொருளை நுகரும் செயல் மட்டுமன்று. ஒரு முறைமையின் உள்ளமைப்பை அறிந்து, அதன் பகுதிகளை ஒப்பிட்டு, குறைந்த வளத்துக்குள் முடிவெடுக்கும் பயிற்சியுமாகும். அன்று கொழும்பின் ஏஜென்சி அலுவலகங்களில் நடந்த அதே சிந்தனை இன்று லயத்து அறையொன்றில் ஒரு மாணவனால் நிகழ்த்தப்படலாம். எனினும் இதனைக் கொண்டு மலையகத்தின் நிலை மாறிவிட்டதெனக் கருதுவது பேதைமை. 65 நாட்கூலி என்னும் கணக்கு அக்கற்பனையை அழித்துவிடும். தவிரவும், செயலிகளின் நூல்வடிவங்கள் அமெரிக்காவிலும் அவற்றின் உடல்கள் தாய்வானிலும் உருவாகும்வரை நாம் தேர்ந்தெடுப்பதும் பிறர் வகுத்த எல்லைக்குள்ளேயே.

ஆயினும் இன்றே செய்யத்தக்கன சிலவுண்டு. 2005ஆம் ஆண்டில் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லசப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமும் கணினி அறிவியலும் பட்டப்படிப்புகளாக ஒரே வளாகத்திற் கற்பிக்கப்படுகின்றன. ஸ்டோரின் இயந்திரமும் கணினியின் செயலியும் அங்கு அயலவராகிவிட்டன. தோட்டப் பாடசாலைகளின் உயர்தர மாணவருக்குக் கழித்துவிடப்பட்ட கணினிகளைப் பிரித்துப் பூட்டிக் காட்டும் விடுமுறைப் பட்டறைகளைப் பல்கலைக்கழக மாணவர் நடத்தலாம். தாய்ப்பலகையின் குறிப்பேட்டைத் தமிழில் விளக்கும் சிறு கைந்நூலொன்றைத் தமிழ்ச் சங்கங்கள் வெளியிடலாம். அவ்வாறே, உருட்டியின் ஓசையைக் கேட்டுப் பழுதறிந்த முதிய தொழிலாளரின் அறிவைப் பதிவு செய்தலும் அம்மாணவரின் கடனாகும். அவ்வறிவு ஏடேறாமற் போனமைக்கு அவர்கள் காரணரல்லர். கேட்டு எழுதுவார் இன்மையே காரணம். கேட்பதற்கும் எழுதுவதற்கும் உரியோர் இப்போது அவர்களது பேரப்பிள்ளைகளாகவே பல்கலைக்கழகத்தில் இருக்கின்றனர்.